பதினேழாவது ஃபாரம்

என் அத்தை பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகாத வாரமே கிடையாது. முன்வரிசையில் உட்காருவாள், எல்லோரும் எழுந்தால் எழுவாள். வேண்டுதல் நேரத்தில் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வாள். அழுத்தக்காரி என்று நானே பலமுறை திட்டியிருக்கிறேன். என் மகள் மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்தபோதுதான் காரணம் தெரிந்தது.

சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் சாமியாரம்மா. சோறு ஆறி அவலாய்ப் போனாலும் பிரார்த்தனை முடியாமல் தட்டில் கை வைக்க மாட்டாள். "சாமியாரம்மா, எங்களுக்காச்சும் திங்க உத்தரவு குடுங்க" என்று அவள் தம்பி, அதாவது என் அப்பா, வம்பிழுப்பார்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: சொந்தமாக ஒரு வேதப் புத்தகம். வாங்கித் தர வீட்டில் வழியில்லை. கூடத்தில் பக்கத்தில் உட்காரும் மருந்துக்கடைக்காரர் மகளின் புத்தகத்தை எட்டிப் பார்த்துத்தான் படிப்பாள். அந்தப் பெண் மகா கஞ்சம். புத்தகத்தைச் சாய்த்து ஒரு பக்கத்தை மறைத்துக்கொள்ளும். அதனால் அத்தைக்கு ஒன்பது வயதிலேயே வேதம் பாதி மனப்பாடம், வலப்பக்கம் மட்டும்.

அவள் அம்மாவுக்குப் புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை. அந்த வருடம் வேதத்தின் புதுப் பதிப்பு அங்கே வந்தது. பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பை ஃபாரம் என்பார்கள். நாற்பத்தொரு ஃபாரம் சேர்த்துத் தைத்தால் ஒரு புத்தகம். வேறு புத்தகமாக இருந்தால் கெட்டுப்போன ஃபாரம் பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும். வேத வாக்கியத்தில் யாரும் பொட்டலம் கட்டக் கூடாது என்று இவற்றை மட்டும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுவைத்தார்கள், கடைசியில் எரிக்க.

"எரிக்கிறதுக்குப் பதிலா எம் பொண்ணு படிக்கட்டுமே" என்று அம்மா கெஞ்சியதும் மேஸ்திரி தலையாட்டினார்.

மை அப்பியது, கோணலாக மடிந்தது, ஓரம் கிழிந்தது என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. அத்தை துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். ஐந்து மாதத்தில் நாற்பது சேர்ந்துவிட்டன. பதினேழாவது மட்டும் ஒருமுறைகூடக் கெடவில்லை.

"நல்லதுலயே ஒண்ணு எடுத்துட்டு வாயேம்மா."

"திருடின வேதத்த வச்சு என்னத்தடி படிப்ப?"



பதிப்பு முடிய ஒருநாள் வேலைதான் பாக்கி. அன்று காலை அம்மா படியிறங்கிப் போனதும் அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "பதினேழாவது ஒண்ணே ஒண்ணு கெட்டுப்போகட்டும் சாமி. இனிமே வேற எதுவுமே கேக்க மாட்டேன்."

மதியம் பட்டறையில், அடுக்கிய ஃபாரங்களை அழுத்தும் இயந்திரத்தில் ஒன்று கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. விட்டிருந்தால் அது ஒன்று கெட்டுப் பெட்டிக்குப் போயிருக்கும். வேலையில் குறை வைக்கத் தெரியாத பாவி, அம்மா அதைச் சரிசெய்யக் கை விட்டாள். மறுபக்கம் நின்றவன் கவனிக்காமல் நெம்புகோலை இழுத்துவிட்டான். வலது கையில் நான்கு விரல்கள் போயின.

இரண்டு நாள் கழித்துக் கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தவள், இடது கையால் மடியிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினாள். ஓரம் முழுக்கக் கறை.

"பாத்தியாடி, பதினேழாவது! ரத்தம் பட்டுக் கட்டு மொத்தமும் கெட்டுப்போச்சு. மேஸ்திரி தானாவே எடுத்துக் குடுத்தாரு. சாமி உன்னைக் கைவிடல."

சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு தான் வேண்டிக்கொண்டதை அத்தையால் சொல்ல முடியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஊசி நூல் கோத்து அத்தையே புத்தகத்தைத் தைத்தாள். விரல் இல்லாத கைக்குப் பட்டறையில் வேலை இல்லை. பத்து வயதில் அத்தை அதே மேஜைக்குப் போய் நின்றாள். நாற்பத்தேழு வருடம் நின்றாள். அம்மா சாகும்வரை அந்த வேண்டுதலை அவளிடம் சொல்லவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் நான்தான் அவளிடம் கத்தினேன். "உனக்கு மனசு கல்லா அத்தை? எம் பொண்ணுக்காக ஒரு தடவ வேண்டிக்கக் கூடாதா? நீ கேட்டா நடக்கும்!"

அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தாள். கறை பழுப்பாகிக் காகிதத்தோடு காகிதமாகியிருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டா குடுப்பாருடி. எங்கேருந்து எடுத்துக் குடுப்பாருன்னுதான் தெரியல."

மூன்றாம் நாள் என் மகள் கண் விழித்து, தண்ணீர் கேட்டாள். அதே நாள் காலையில் பிரார்த்தனைக் கூடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்தபடியே அத்தையின் உயிர் போயிற்று. பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் மகளிடம், அதுவும் இப்போது கிழவிதான், அத்தை அன்று வேண்டுதல் நேரத்தில் வாய் திறந்தாளா என்று விசாரித்திருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.