ஓட்டத் தெரியாதவரின் ஸ்டியரிங்

பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துளி கிரீஸை வைத்து நசுக்கி, விரல்களை மெல்லப் பிரித்து, இழை எங்கே அறுகிறது என்று வெளிச்சத்தில் பார்க்கிறார் பன் மாஸ்டர். பிசைந்த மாவையும் இப்படித்தான் பார்ப்பார். முகர்ந்தும் ஆயிற்று. நாக்கில் வைக்காததுதான் பாக்கி.

“இவ்வளவு கெட்டியானத இதுக்குள்ள யாரு அடைச்சது?”

யார் என்பது அவருக்குத் தெரியும். கதவோரம் நிற்கும் மச்சானுக்கும் தெரியும்.

“எண்ணெய் ஒழுகுதுன்னு சொன்னீங்க. ஒழுகாம பண்ணிக் குடுத்தேன்” என்றார் மச்சான்.

“பண்ணின, பண்ணின. எல்லாம் ஓரத்துல ஏறி ஒட்டிக்கிச்சு. நடுவுல பல்லு காஞ்சு கெடக்கு, பாரு.” கழற்றிப் போட்ட ஸ்டியரிங் பாக்ஸை அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். பற்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன.

முன்னால் ரொட்டிக் கடை, நடுவில் அடுப்பு, பின்னால் கார். மாஸ்டரின் உலகம் அவ்வளவுதான். ரொட்டி வெந்து இறங்கியதும் மாவுச் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் காலைத் தட்ட வேண்டும். காரிடம் மரியாதையாகப் பேசுவார். “கொஞ்சம் பொறுத்துக்குங்க”, “இதோ ஆச்சு” என்பார். மச்சானுக்கு அந்த மரியாதை கிடைத்ததே இல்லை.

ஆனால் ஓட்ட மாட்டார். லைசென்சுக்காக ஒரே ஒரு முறை போனார். பாதி வழியில் வண்டிக்கு அடியில் ஏதோ ‘கிணுங்’ என்றதாம். அதிகாரியை உள்ளேயே உட்காரவைத்துவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தார். அத்தோடு சரி. ஓட்டுவதும் கடை கடையாக ரொட்டி போடுவதும் மனைவிதான்.

அந்த மனைவிதான் போன வாரம் சாவியை மேசைமேல் வைத்துவிட்டார். இறக்கத்தில் எதிரே லாரி வந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறார். அது கால்வட்டம் சும்மா சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்கு உறைத்திருக்கிறது. கார் மதில் சுவரை உரசி நின்றது. பின்னாலிருந்த ரொட்டித் தட்டுகள் முன்சீட்டுக்கு வந்துவிட்டன.

“நான் சொன்னா வண்டி கேக்கணும். நின்னு யோசிக்கக் கூடாது. இனி என்னால ஆகாது” என்றார்.

“வித்துத் தொலைங்க, மாமா” என்றார் மச்சான்.

மாஸ்டர் காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். சுவரில் உரசிய இடத்துக்கு இரண்டடி தள்ளித்தான் மனைவி உட்காருவார். அந்தக் கீறலையே தடவிக்கொண்டு நின்றார்.

பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, அதே மாதிரி காரிலிருந்து கழற்றிய பாக்ஸ் ஒன்றைப் பிடித்துவந்தார். மண்ணெண்ணெயில் கழுவி, பற்களைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகி, எண்ணெய் கசியாமலிருக்கப் புது சீல் போட்டார். பழையதிலிருந்து சக்கரங்களை இழுக்கும் இரும்புக் கையைப் பிடுங்கியதுதான் பெரும்பாடு. முன்பே உளியால் அடையாளம் போட்டுக்கொண்டு, இழுப்பானை மாட்டி முறுக்கினார், தட்டினார், கெஞ்சினார். கடைசியில் வெடிச் சத்தத்தோடு அது கழன்று வந்தபோது கடையில் நின்றவர்கள் அடுப்புதான் போயிற்று என்று ஓடிவந்தார்கள்.

புதியதை மாட்டியதும் கிரீஸ் டப்பாவை நீட்டினார் மச்சான். மாஸ்டர் அதை வாங்கித் தூர வைத்தார். பாகுபோலிருந்த கியர் ஆயிலை மேல் துளை வழியே சொட்டுச் சொட்டாக ஊற்றினார். மனைவியைக் கூப்பிட்டு ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்பச் சொன்னார். துளையில் குமிழி வந்தது. “மூச்சு விடுறாங்க” என்று சந்தோஷமாகச் சொல்லி, இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பிறகு மேலிருந்த திருகை, ஆட்டம் நிற்கும்வரை இறுக்கினார்.

“சும்மா தெருவச் சுத்திட்டு வா. சரிப்படலன்னா வித்துடலாம்.”

சொல்லிவிட்டார். ஆனால் கார் திரும்பும்வரை கேட்டைப் பிடித்த கை அதைவிட்டு வரவில்லை.

“நேராப் போகுது” என்றார் மனைவி, இறங்காமலே. “ஆனா வளைவுல திருப்பினா திருப்பினபடியே நிக்குது. நான்தான் இழுத்து நேராக்க வேண்டியிருக்கு.”

மச்சான் தொண்டையைச் செருமினார். மாஸ்டர் முகமோ மலர்ந்துவிட்டது. “அப்போ நான்தான் ரொம்ப முறுக்கிட்டேன். அவங்க மேல தப்பில்ல.” திருகை ஒரு மயிரிழை தளர்த்தி, அது அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினார். “இப்பப் போ.”

கார் போயிற்று. தெருமுனையில் மறைந்து, மறுமுனையில் வந்தது. நிற்கவில்லை. கண்ணாடிக்குள் மனைவி சிரித்தபடி கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

“எங்க போறா?” என்றார் மச்சான்.

மறுபடி வந்தபோது, போதுமா என்று கேட்பதுபோல வாசலில் வேகம் குறைந்தது. மாஸ்டர் ரொட்டித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். எண்ணெய்க் கையைத் தூக்கி, நாற்சந்திப் போலீஸ்காரர்போல, போ போ என்று வீசினார்.