மூன்று தடவை கடந்த தெரு

சென்னைக்கு மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறேன் என்று சொன்னபோது எஸ்டேட்டில் ஒருவரும் நம்பவில்லை. முப்பதுகளின் தொடக்கம் அது. குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் நான் இஞ்சின் மெக்கானிக். சீமைக்குத் திரும்பிய துரை, ஓடாமல் கிடந்த தன் வண்டியை எனக்கு விட்டுப் போயிருந்தார். ஆறு மாதம் பிரித்துப் பிரித்துப் பூட்டி அதை ஓட வைத்தேன். சென்னையில் ஒரு பட்டறையில் வேலை உறுதியானதும் ரயிலில் போக மனம் வரவில்லை. நாலைந்து நாள் பயணம். பின்னால் ஒரு பெட்ரோல் டின், ஸ்பானர் பை, இரண்டு வேட்டி, அவ்வளவுதான்.

விடிந்ததும் கிளம்பினேன். காக்கிக் கால்சட்டை, தொப்பி, தூசிக் கண்ணாடி. நாகர்கோவிலில் ஒரு போலீஸ்காரர் பாதி சல்யூட் அடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆரல்வாய்மொழிக்குப் போகும் ரோட்டில் ஒரு பாலத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கிராமத்துக்குள் போய்ச் சுற்றி வரச் சொன்னார்கள். அந்த ஊரின் பெயர் வேண்டாம். வழி கோயில் தெரு வழியாகப் போனது. தெருமுனையில் பிரம்போடு ஒரு காவல்காரர் நின்றார். ஒட்டிய வயிறு, தோளில் கிழிந்த துண்டு.

"ஐயா எங்கேருந்து வாறிய?" என்று கேட்டார். சொன்னேன்.

"வேதக்காரராக்கும்?"

கேள்வியின் அர்த்தம் எனக்குத் தெரியும். எங்கள் சாதிக்காரன் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. அவனே ஞானஸ்நானம் வாங்கி வேதக்காரனாகிவிட்டால் தாராளமாக நடக்கலாம். என் அண்ணன் அப்படிச் சேர்ந்து, மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராகி, செருப்போடு எல்லாத் தெருவிலும் நடந்தான். என்னையும் கூப்பிட்டான். நடக்க ஒரு தெரு கிடைக்கும் என்பதற்காக நான் சாமியை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று சண்டை போட்டு, ஒரு வருஷம் அவனோடு பேசாமல் இருந்தேன்.

"ஆமா," என்றேன்.

பிரம்பு விலகியது. தேர்க் கொட்டகையையும் கோலம் போட்ட வாசல்களையும் தாண்டி, தெரு முடிந்து வயல் வந்ததும்தான் உடம்பு காந்தத் தொடங்கியது. அவர் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. கேட்டார், சொல்லிவிட்டேன். அண்ணன் நம்பிச் செய்ததை நான் நம்பாமல் ஒரு சொல்லில் செய்துவிட்டேன். அதற்காகவா ஒரு வருஷம் அவன் முகத்தில் முழிக்காமல் இருந்தேன்? வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தினேன். அங்கேயே திருப்பினேன். வந்த தெரு வழியாகவே திரும்பிப் போனேன்.

"நான் வேதக்காரன் இல்லை. பொய் சொல்லிட்டேன்," என்று காவல்காரரிடம் சொல்லி, என் சாதியையும் சொன்னேன்.

"ஏலே, மெள்ளப் பேசு மக்கா," என்றார். ஐயா ஒரு நொடியில் ஏலேயாகி, பயத்தில் மக்காவும் ஆகிவிட்டது. "போனவன் எதுக்குலே திரும்பி வந்த? நான் ஒண்ணும் கேக்கல்ல. போயிரு."

"எந்த வழியா?"

அவர் வாய்க்கால் வரப்பைக் காட்டினார். மாடு போனாலே வழுக்கும் வரப்பு.

"வண்டி அதில போவுமா?"

"அப்பம் தெரு வழியாவே போ. வேதக்காரனாவே போ. எனக்குப் பிள்ளையளு இருக்கு மக்கா."

அவர் கெஞ்சக் கெஞ்ச எனக்கு வெறி ஏறியது. தெரு முழுவதும் கேட்கும்படி என் சாதியை மறுபடி கத்தினேன். நாலைந்து பேர் வீடுகளிலிருந்து இறங்கி வந்தார்கள். "துரைக்க வண்டியைக் களவாண்டுட்டு வந்திருக்கான்," என்றார் ஒருவர். இன்னொருவர் கைத்தடியால் முன்விளக்கை அடித்து நொறுக்கினார். நான் வண்டியின் கிக்கரை உதைத்தேன். இஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டாவது உதையில் பிடித்தது. மூன்றாம் முறையாக, யாரென்று எல்லாருக்கும் தெரிந்தே, அந்தத் தெரு வழியாகப் போனேன். முதுகில் ஒரு கல் விழுந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை.

விளக்கு இல்லாததால் இருட்டுவதற்குள் எங்காவது ஒதுங்க வேண்டும். ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். திருவிதாங்கூர் அத்தோடு முடிந்தது. பணகுடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இஞ்சின் ஓட்டுகிறவர், என் வண்டியைப் பார்த்த ஆசையில் கொட்டகையில் தங்கச் சொன்னார். வால்வு, மாக்னெட்டோ என்று ஒரு மணி நேரம் பேசினோம். சாப்பிடக் கூப்பிடும் முன், "என்ன ஆளுக?" என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். எனக்கு இலையை வாசலுக்கு வெளியே போட்டார். சோறும் குழம்பும் குறைவில்லாமல்தான் வைத்தார். பசி பொறுக்காமல் தின்றேன்.

சென்னையில் வேலையில் சேர்ந்து சில மாதம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. மோட்டார் சைக்கிளில் வந்தவனைப் பற்றிய பேச்சு அவன் காதுக்கும் எட்டியிருந்தது. நான் போன மறுநாளே அந்தக் காவல்காரரை வேலையை விட்டு விரட்டிவிட்டார்களாம். விளக்கை உடைத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று நான் கத்தியிருக்க வேண்டியது அந்தக் கைத்தடிக்காரர் முகத்துக்கு நேரே. ஆனால் இருந்தவர்களில் எளியவர் எவரோ அவரைத்தான் என் கோபம் கண்டுபிடித்தது. அவரை விரட்டியவர்கள் மேலும் ஆத்திரம், என் மேலும் ஆத்திரம், இதைத் தேடி விசாரித்து எனக்கு எழுதிய அண்ணன் மேலும் ஆத்திரம்.

பதில் எழுத இரண்டு வாரம் ஆனது. அதில் பட்டறை வேலையைப் பற்றி மட்டும் எழுதினேன்.