ஈரம் காய்வதற்குள் ஒரு கைரேகை

ஊரடங்கில் எங்கள் வீட்டுப் பட்டுத் தறிகளுக்கு வேலை இல்லாமல் போனதும், கைரேகை வைத்தால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கும் சின்ன மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு பஸ் கிடையாது. விவசாயிகளுக்கு அரசாங்கம் போட்ட இரண்டாயிரம் ரூபாய் எடுக்க வழியில்லாமல் கணக்கிலேயே கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கப் போகிறவள் நான்தான் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

போளூர் போகிற வழியில் ஓர் ஊர். வரிசையில் முதல் ஆளாக ஓர் அக்கா நின்றார். முந்தின நாள்தான் நல்ல மழை. மழையை நம்பி விதைக்கடலை முழுவதையும் கையாலேயே உடைத்து வைத்துவிட்டார். உடைத்த பருப்பு நாள்பட்டால் முளைக்காது. எதிரிலேயே டிராக்டர் நின்றது. டீசலுக்குக் காசு வந்தால்தான் நிலத்தில் இறங்குவேன், இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போகிறேன் என்று ஓட்டுகிறவர் சொல்லியிருந்தார்.

“ஜல்தியா குடுமா. ஈரம் காயறதுக்குள்ள ஓட்டணும்” என்றார் அக்கா.

நான் சுத்தக்காரி. முதலில் அவர் கையில் தாராளமாக சானிடைசரை ஊற்றினேன். கட்டைவிரலை வைத்தார். ரேகை விழவில்லை. மறுபடி ஊற்றினேன். ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. நான் ஊற்ற ஊற்ற, அவர் விரல் மாற்றி விரல் வைக்க, மிஷின் கறாராக மறுத்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரே ஒரு முறைதான் மிச்சம். அதுவும் தவறினால் மறுநாள்தான் எடுக்க முடியும்.

“கைய கழுவிகினே கீறேன், காசுதான் வரல. பேஜாரா கீதுமா.”

டிராக்டர் உறுமத் தொடங்கியது. அக்காவின் விரலைப் பிடித்துப் பார்த்தேன். கடலை உடைத்து உடைத்துத் தேய்ந்த நுனி, என் சானிடைசரில் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. கெடுத்தவள் நானேதான். என்னை நானே ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம் ஞாபகம் வந்தது. கை சொரசொரப்பாக இருந்தால் பட்டு இழை மாட்டும். அதனால் வெந்நீரில் விரலை ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் நூலைத் தொடுவோம்.

“யாராவது வெந்நீரும் எண்ணெயும் எடுத்துகினு வாங்க. அண்ணே, அஞ்சே நிமிஷம், வண்டிய எடுத்துடாதீங்க” என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு வீட்டுக்கு ஓடினார்கள். ஒரு சொம்பு போதும், மூன்று வந்தது. பத்து விரலையும் ஊறவைத்து, எண்ணெய் நீவி, என் துப்பட்டாவிலேயே அழுத்தித் துடைத்தேன். பட்டுக்குக்கூட நான் அத்தனை கவனமாகக் கையைத் தயார் செய்ததில்லை.

“எந்த விரல வெக்கிறீங்கக்கா?”

அவர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இடது சுண்டு விரல். இதுதான் இத்தினி வருசமா ஒரு வேலையும் செய்யாம சும்மா கீது.”

வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. வரிசை மொத்தமும் ஓ போட, நானும் வயதை மறந்து குதித்தேன். நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை வாங்கிய அக்கா, ரசீதைக்கூட வாங்காமல் டிராக்டரை நோக்கி ஓடினார்.

மற்றவர்களுக்கும் சானிடைசரைத் தள்ளி வைத்துவிட்டு, சொம்பும் எண்ணெயுமாகவே வேலையை முடித்தேன். பிறகு ரசீதைக் கொடுக்கும் சாக்கில் அக்காவின் நிலத்துக்குப் போனேன். உழுத ஈர மண்ணில் விதை போட்டுக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். முக்கால் கூடை காலியாகிவிட்டது. என்னைப் பார்த்தும் நடையை நிறுத்தவில்லை.

“இன்னிக்கி ரேகை விழலன்னா, நாளைக்கி வந்து நீ வறுத்த கடலைதாம்மா தின்னுட்டுப் போயிருப்ப.”