நான்காவது ஐம்பது

1968 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவு முழுக்கக் கொட்டிய மழை விட்டிருந்தது. கொச்சி மட்டாஞ்சேரித் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்பா வேலை பார்த்த மிளகு குடோன் வாசலில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. மடக்குத்துணிக் கூரை, இரண்டே இருக்கை, பந்தய ரகம். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தரகரிடம் விட்டுப்போனது. விலை நாலாயிரத்து இருநூறு ரூபாய். ஆசை சித்தப்பாவுடையது. பணத்தில் பாதி அப்பாவுடையது; ஆகவே சம்மதமும் அவருடையது.

எனக்கு ஒன்பது வயது. ஓர் இருக்கை சித்தப்பாவுக்கு, மற்றது எனக்கு என்று மூன்று நாட்களுக்கு முன்பே எங்களுக்குள் முடிவாகியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் எப்படி இறங்குவது என்பதுவரை நான் ஒத்திகை பார்த்துவிட்டேன்.

அப்பா குடோனில் சரக்கைச் சோதிப்பவர். மூட்டையின் வாயில் இருக்கும் மிளகை அவர் பார்ப்பதே இல்லை. குத்தூசியை அடிப்பாகத்தில் செருகி இழுத்து, உள்ளங்கையில் உருட்டி, பப்பாளி விதை எத்தனை கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் அதே பழக்கம்தான். அம்மா காய்ச்சிக் கொடுக்கும் பாலைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார்.

காரின் பளபளப்பை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. காகிதம் சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனார். எங்காவது ஒட்டாவிட்டால் உள்ளே பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். எல்லா இடத்திலும் ஒட்டியது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. கால்மிதியைத் தூக்கினார், டிக்கியில் தலையை விட்டு மோந்தார், கடைசியில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

“அடியில எதுக்குப் புதுசா கறுப்பு பூசியிருக்கு?”

“மழைக்காலமல்லே ஸாரே, துரு பிடிக்காம இருக்க,” என்றார் தரகர்.

“மேலே பழைய சாயம், கீழே புதுசு. யாரும் பாக்காத இடத்துக்கு யாருய்யா அலங்காரம் பண்ணுவா?”

“அண்ணா, துரை ஓட்டின வண்டியாக்கும்,” என்றார் சித்தப்பா.

“துரை ஓட்டினா மரம் விலகிக்குமோ?”

அப்பாவின் கணக்கு எளியது. எங்காவது மோதியிருந்தால் அடிச்சட்டம் முறுக்கியிருக்கும். முறுக்கியிருந்தால் ஒரு சக்கரம் தரையை அமுக்கும், மற்றது சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். பூச்சு கண்ணை ஏமாற்றலாம், தராசை ஏமாற்றாது. ஆகவே காரின் முன்சக்கரங்களை ஒவ்வொன்றாகக் குடோனின் மேடைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடிவு செய்தார். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அதே உயரத்துக்குப் பலகை அடுக்கினார்கள். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஆறு பேர் தள்ளினார்கள்.

“இதென்ன மிளகாணோ, நிறுத்து நோக்கான்?” என்று தரகர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன்.

அந்தத் தராசின் தொங்குதட்டில் கற்களைப் போட வேண்டும். ஒரு பெரிய கல் ஐம்பது கிலோவுக்குச் சமம்; பத்துக்குக் குறைந்த மிச்சத்தைக் கம்பியில் நகரும் குண்டு சொல்லும். அப்பா கல்லைப் போட்டுச் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக் கூட்ட வேண்டும். கணக்கில் நான் கெட்டிக்காரன்.

வலது சக்கரம்: நான்கு ஐம்பது, ஓர் இருபது, ஒரு பத்து, கம்பியில் நான்கு. இருநூற்று முப்பத்து நான்கு.

இடது சக்கரம்: ஐம்பது, ஐம்பது, ஐம்பது. அதற்குள்ளேயே தண்டு அசையத் தொடங்கிவிட்டது. பிறகு இருபது, பத்து, கம்பியில் ஆறு. நூற்று எண்பத்தாறு. சமமில்லை என்று கூட்டாமலே தெரிந்தது. சித்தப்பாவைப் பார்த்தேன்; அவர் கார்க் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். நான் மூன்று ஐம்பதுக்குக் கீழே நான்காவதாக ஓர் ஐம்பது எழுதினேன்.

அப்பா கற்களை இறக்கிவிட்டு வந்து நோட்டை வாங்கினார்.

“மூணுன்னா போட்டேன்?”

“நாலுப்பா. எண்ணிண்டுதான் இருந்தேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். “ரெண்டு கிலோ வித்தியாசம். சரி,” என்றார். தரகர்தான் எங்கள் எல்லோரையும்விட ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் காரில் நான் பதினொரு தடவை போனேன். பிரேக் போட்டால் வண்டி இடதுபக்கம் இழுக்கும்; பந்தயக் கார் என்றால் அப்படித்தான் என்றார் சித்தப்பா. இருபத்து மூன்றாவது நாள், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், தேவரா போகும் வழியில் ஈரச்சாலையில் பிரேக் போட்டார். இடது முன்சக்கரம் உள்ளே மடங்கி, கார் மதிலில் போய் நின்றது. சித்தப்பாவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. என் இருக்கைப் பக்கம் முழுவதும் நசுங்கியிருந்தது.

பள்ளுருத்திப் பட்டறையில் மெக்கானிக் கறுப்புப் பூச்சைச் சுரண்டிக் காட்டினார். அடிச்சட்டத்தின் இடது கை முன்பே ஒடிந்து, பற்றவைக்கப்பட்டிருந்தது. “இது பழைய ஒடிவாணு ஸாரே. வாங்கும்போதே வண்டி கோணலா நின்னிருக்குமே?”

“நிறுத்துப் பாத்தேன். சமமா இருந்தது,” என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த சனிக்கிழமை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு படகில் எறணாகுளம் போய், பிராட்வேக்குப் பக்கத்தில் ஒரு கண் டாக்டரைப் பார்த்தார். எண்ணும்போது ஒன்று விட்டுப்போகிறது, கண் கெட்டுவிட்டதா பாருங்கள் என்றார். டாக்டர் அரைமணி நேரம் சோதித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடியை மாற்ற வேண்டாம் என்றார்.

கேட்ட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவுக்கு ஏன் இல்லை என்று புரியவில்லை. திரும்பும் படகில் அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் குடோனில் நோட்டை என்னிடம் தராமல் தானே எழுதிக்கொண்டார். வேலை மிச்சம் என்று நான் விளையாடப் போய்விட்டேன்.

இப்போது எனக்கு அறுபத்தேழு வயது. மாத்திரையை இரண்டு தடவையும் சில்லறையை மூன்று தடவையும் எண்ணுகிறேன். அந்த நான்காவது ஐம்பதின் செலவையும்தான்: காரின் விலை, வண்டியை இழுத்துவந்த கூலி அறுபது, எலும்பு வைத்தியம் நூற்றுப் பன்னிரண்டு, படகுக் கூலி ஐம்பது காசு. பழைய இரும்பாகப் போட்டதில் வந்த ஐந்நூற்று ஐம்பதைக் கழித்தால், மூவாயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு, கண் டாக்டருக்குக் கொடுத்த பத்து ரூபாயையும் சேர்த்து.