தறிக்குக் காது வைத்த கம்பெனி

கம்பெனி ஆரம்பிக்கிற தொழிலில் முதலில் தேய்வது செருப்பு, அப்புறம் நகம். மூளை தேய்கிற கட்டத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. நீங்களும் எதையாவது ஆரம்பித்துவிட்டு, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றி, எழுந்தால் எங்கே போவதென்று தெரியாமல் தவித்தவரானால் பக்கத்தில் வாருங்கள். உட்காரச் சொல்ல மாட்டேன். நானே நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

பொய்க்கு ஓர் ஆள்

திருத்தணியில் மலைப் படிக்கட்டுக்குப் போகிற தெருவில், மாலைக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். ரேவதி விசைத்தறிக்காரர் மகள், கம்ப்யூட்டர் படித்தவள். முனிரத்தினம் கனகம்மாசத்திரம் பக்கம் கழனிக் கூலிக்குப் போகிற குடும்பம், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. இரண்டு பேரும் சேர்ந்து சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்திருந்தார்கள். தறியில் கட்டினால் அது சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இழை அறுந்து தறி நின்றால் முதலாளிக்குப் போன் போகும். ‘காது’ என்று பெயர். கிருத்திகை அன்று கீழே காவடிக்காரர்கள் பம்பை அடித்தால், தறி ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ளும். அது ஒன்றுதான் குறை என்றார்கள்.

விற்க ஆள் இல்லை. நான் புடவை ஏஜெண்டாக அலைந்தே எழுபது வயதைத் தாண்டியவன். வானவில்லை இழை இழையாகப் பிரித்துப் பாவு போட்டது என்று சொல்லி நகரியில் ஒரு புடவையை விற்றிருக்கிறேன். வாங்கிய அம்மாள் மழை வந்தால் வானத்துக்கே ஓடிவிடும் என்று அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாளாம். “நான் நிறையப் பொய் சொல்வேனேம்மா” என்று முன்கூட்டியே எச்சரித்தேன். ரேவதி யோசிக்கவே இல்லை, என்னை மூன்றாவது பங்காளியாகவே சேர்த்துக்கொண்டாள்.

“நாங்க நிஜத்தைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேன்றாங்க பெரியப்பா. உங்க வழியில சொல்லிப் பாருங்க.”

கரண்டும் கோவிந்தசாமியும்

முதன்முதலில் நான்கு தறி வைத்திருக்கும் கோவிந்தசாமிக்குத் தறிக்கு ஒன்றாகக் காது கட்டினோம். “இந்தப் பெட்டி தூங்கவே தூங்காது. ஒருமுறை திருவாலங்காட்டில் தறி நின்றதை இங்கிருந்தே கேட்டுவிட்டது” என்று அளந்துவிட்டேன். மறுநாள் அவர் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்த நேரம் ஊரில் கரண்ட் போனது. நான்கு தறியும் நின்றன, நான்கு பெட்டியும் கூப்பிட்டன. பாதித் தலையோடு எழுந்து ஓடிய மனிதர், நேராக எங்கள் மாடிக்கு வந்தார்.

“கரண்டு போனா எங்க வூட்டுல ஃபேன் நின்னு, எம்பொண்டாட்டி கத்தி, தெருவுக்கே தெரியும். அதுக்குத் தனியா ஒரு மிஷினாய்யா?”

உட்காராத முதலாளி

கரண்ட் போனால் வாய் திறக்காதே என்று ரேவதி பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அதற்குள் அவள் அப்பா ஏகாம்பரம் ஒரு கெடு வைத்துவிட்டார். சென்னையில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை உத்தரவு அனுப்பியிருந்தது. தீபாவளிக்குள் பத்துத் தறிக்கூடத்தில் காது ஏறவேண்டும். இல்லையென்றால் அவள் சென்னைக்கு ரயிலேற வேண்டும். அவள் போனால் மிச்சம் இருப்பது சால்டரிங் தெரிந்த ஒருவனும் சவடால் தெரிந்த ஒருவனும். அப்படி ஒரு கம்பெனிக்கு ஊரில் ஏமாற்று வேலை என்று பெயர்.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் வீடியோவில் பேசினார். மற்ற இருவரும் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்க, நான் பின்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். தறி, சந்தை, போட்டி எல்லாம் பேசி முடித்தபிறகு, ஏதாவது கேட்கவேண்டுமா என்றாள் ரேவதி.

“ஒண்ணே ஒண்ணு மேடம். அந்தப் பெரியவரை உட்காரச் சொல்லுங்க, எனக்குத் தலை சுத்துது.”

சந்தனம்

ஆயுத பூஜைக்குள் ஒன்பது கூடம் சேர்ந்துவிட்டது. பத்தாவதைத் தேடி நான் அரக்கோணம் வரை போய்வந்துகொண்டிருந்தேன். பூஜைக்கு மறுநாள் தறிகள் ஓட ஆரம்பித்தன. ஒன்பது கூடத்திலிருந்தும் போன். தறி ஓடுகிறது, பெட்டியோ நின்றுபோச்சு நின்றுபோச்சு என்று விடாமல் கூப்பிடுகிறது. முனிரத்தினம் பெட்டியைத் திறந்து பார்த்தான், ஒயரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன்.

விஷயம் இதுதான். ஒலி உள்ளே போவதற்குப் பெட்டியின் நெற்றியில் ஒரு சின்ன வட்டத் துளை உண்டு. ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கிற எந்தக் கைக்கும் அதைவிட வாட்டமான இடம் கிடைக்காது. ஒன்பது கூடத்திலும் துளை நிறையச் சந்தனம் அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தார்கள். வடிவமைத்தவள் தறிக்காரர் மகள், செய்தவன் வருஷாவருஷம் மண்வெட்டிக்குப் பொட்டு வைக்கிற வீட்டுப் பையன். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆபீசில் இருந்த பெட்டிக்கு நாங்கள் மூவரும் சேர்ந்துதான் சந்தனம் வைத்திருந்தோம்.

ஊக்கும் பஞ்சும் எடுத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறினோம். இரண்டு கூடத்துக்காரர்கள் பெட்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். நகரியில் கூடம் வைத்திருக்கும் சரசம்மா கழற்றவில்லை. நான் காதைக் குடைந்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏன் நைனா, வருஷாவருஷம் இந்தத் தறிக்கெல்லாம் பொட்டு வெக்கறேன், ஒண்ணாவது செவுடாச்சா? உன் பெட்டிக்கு மட்டும் அவ்ளோ பவுசா?”

பத்தாவது

ரேவதி டீ வடிகட்டி வலையை வெட்டித் துளைக்குத் தொப்பி போட்டாள். கழற்றிய இருவரும் நான்கு நாள் பொறுத்தார்கள். டீக்குப் போன நேரம் தறி சும்மா நின்றதைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னார்கள். ஆக ஒன்பது. தீபாவளிக்கு முந்தின நாளும் அதே ஒன்பது. ரேவதி பெட்டிபடுக்கை கட்ட ஆரம்பித்திருந்தாள்.

திருத்தணியில் நான் கேட்காத கூடம் ஒன்றே ஒன்று. ஏகாம்பரத்தின் கூடம். “எனக்கு ரெண்டு காது போதும்” என்று ஆரம்பத்திலேயே ரேவதியிடம் சொல்லிவிட்ட மனிதர். போனேன். ஆந்திரா பக்கம் பதினேழு பேர் காதுக்காக வரிசையில் நிற்கிறார்கள், அதில் ஒருவர் கூடாரம் அடித்தே தங்கிவிட்டார் என்றேன். அவர் ஸ்டூலை நகர்த்தினார். நான் உட்காரவில்லை. ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு, வாசலில் நின்ற மகளைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

“கதை போதும்ண்ணா, பெட்டியைக் கட்டு. ஆனா தறி நின்னா போன் எனக்கு வரக்கூடாது, அவளுக்குத்தான் போவணும். மெட்ராசுக்குப் போன் போயி, அவ ரயிலைப் புடிச்சி வர்றதுக்குள்ள அரை நாள் பூடும், அதனால இங்கயே இருக்கச் சொல்லு.”

பத்துக் கூடம், மூன்று முதலாளிகள், ஒரு டீ வடிகட்டி: இதை வளர்ச்சி என்று எங்கள் ஆபீஸ் போர்டில் எழுதியிருக்கிறார்கள், அடுத்த பூஜைக்கு முதல் சந்தனம் துளை இல்லாத அந்தப் போர்டுக்குத்தான் என்று நான் சொல்லிவிட்டேன்.