முன் சில்லுப் பக்கத்துச் சத்தம்

மாமாவின் பிக்கப் நான்கு சில்லுகளும் உருண்டு இழுக்கும் பழைய வாகனம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பும் காலத்தில் மண்கும்பான் கரையில் வள்ளங்களை மணலுக்கு மேலே இழுத்து விடுவது அதன் வேலை. மற்ற நாட்களில் ஊரில் யாருடைய வாகனம் முனகினாலும் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஏறி ஒருமுறை ஓடிப் பார்த்து, இன்ன இடத்தில் இன்னது தேய்ந்துபோயிருக்கிறது என்பார். கழற்றினால் அப்படியே இருக்கும். அவர் அம்மாவின் அண்ணன் என்பதால் அந்தப் பெருமையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது.

நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம் அவர் என்னையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார். அல்லைப்பிட்டி தாண்டி, இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் வீதியில் மெல்ல ஓடியபடி கேட்பார்.

"பிள்ளை, என்ன சொல்லுது?"

நான் கண்ணை மூடிக்கொள்வேன். முதலில் எஞ்சின் மட்டுமே கேட்கும். கொஞ்சம் பொறுத்தால் அதற்குக் கீழே ரயர்களின் இரைச்சல். இன்னும் பொறுத்தால், தண்ணீருக்குள் அமிழ்ந்து போகிறவளுக்குத் தெரிவதுபோல, அடியில் கிடக்கும் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாய்த் துலங்கி வரும். அரிசி ஆலைபோல உறுமுது என்பேன். யாரோ கடலை கொறிக்கிற மாதிரி இருக்குது என்பேன். வேகம் கூடக் கூடுகிறதா, திரும்பும்போது மட்டும் வருகிறதா என்று மாமா கேட்பார். என் உதடுகளையே பார்த்துத் தலையாட்டுவார். விடை தெரிந்த வாத்தியார் சோதனை வைக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் அவருடைய பிக்கப்பே கோழிக்குஞ்சுபோலக் கீச்சிடத் தொடங்கியது. என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஓட்டத்தில் கிளச்சை மிதித்த பிறகும் கீச்சிட்டது. ஆகவே எஞ்சின் இல்லை. திரும்பினாலும் நேரே போனாலும் ஒரே மாதிரி, சில்லும் இல்லை. முன் சில்லுகளுக்கான கியரைப் போட்டபோது கூடியது. அந்தச் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டுத்தான் காய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்து, கிறீஸ் பூசி, புது மூட்டுக்கு யாழ்ப்பாணத்தில் சொல்லிவைத்தார். அது வருமுன் காற்று வந்துவிட்டது.

அன்று பின்னேரம் கடல் சாம்பல் நிறமாய்க் கிடந்தது. வள்ளத்தின் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் அப்பாவும் வேறு சிலரும் நின்று தள்ளினார்கள். மாமா கயிற்றை விறைக்க வைத்து மெல்ல இழுத்தார். நான் பக்கத்துக் கண்ணாடியால் அப்பாவைப் பார்த்தபடி, கீச் கீச் என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று அது நின்றது. அந்த இடத்தில் டங், டங் என்று வேறொன்று.

"சத்தம் மாறீட்டுது, மாமா," என்றேன், கண்ணாடியைப் பார்த்தபடியே.

அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியாததா என்று நானும் இருந்துவிட்டேன். பிறகு காலடித் தகடு அதிர்ந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் பிரேக்கை மிதித்தார். இறங்கி ஓடி, எல்லோரையும் வள்ளத்தின் பின்னாலிருந்து விலகச் சொல்லிக் கத்தினார். வள்ளத்துக்கு மரக்கட்டை அணை கொடுத்த பிறகுதான் பிக்கப்பின் கீழே புகுந்து பார்த்தார். மூட்டு ஒரு பக்கம் உடைந்து தண்டு தொங்கியது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் தண்டு கழன்று இழுவையே அறுந்திருக்கும்; வள்ளம் பின்னால் நின்றவர்கள்மேல் வழுக்கிப் போயிருக்கும்.

மணல் ஒட்டிய முகத்தோடு வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"எப்ப துடங்கினது?"

"நான் முதலே சொன்னனான்."

மாமா அப்படியே மணலில் இருந்துவிட்டார். அப்பா ஈரத்தோடு வந்து பக்கத்தில் குந்தினார். மாமா அவரைப் பார்க்காமல் சொன்னார்:

"மச்சான், எனக்குக் காது வடிவாக் கேக்கிறேல்லை. கன நாளா. இந்தப் பிள்ளையின்ர காதாலதான் ஓடித் திரிஞ்சனான்."

அப்பா அவருடைய தோளில் கையை வைத்தார். பிறகு, மாமா தன் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்து, இனி வள்ளம் இழுக்கும்போது தானும் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். அன்று வள்ளத்தை எல்லோரும் கையாலேயே இழுத்து ஏற்றினார்கள்.

நான் அருகில்தான் நின்றேன். ஒரு சொல் தவறாமல் கேட்டேன். எனக்கு அதில் விளங்காதது ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காற்றின் இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும்?

இரண்டொரு நாளில் காற்று அடங்கியது. கடல் கண்ணாடித் தகடுபோல வெளித்துக் கிடந்தது. மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்ற பிக்கப்பின் பின்பெட்டியில் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா இருந்தார். அவர் கவலைப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் நின்று சொன்னேன்:

"காத்து விழுந்திட்டுது, மாமா. இண்டைக்கு உங்களுக்குக் கேக்கும்."

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் என் வாயையே பார்த்தார்.

"ஓம் பிள்ளை," என்றார். "கேக்கும்."

அதை, சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்வதற்காக நான் குசினிக்கு ஓடினேன்.