மேப்பில் நான் போட்ட சாலை

எங்கள் உப்பள அலுவலகக் கணினியில் அந்த மஞ்சள் கோடு இன்னும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரிந்து, கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு, பாத்திகளின் ஓரத்திலுள்ள பம்பு கொட்டகைக்கு வரும் கப்பிச் சாலை அது. மேஸ்திரி பக்கத்தில் நின்று விரலால் காட்டக் காட்ட, நான் மவுசைப் பிடித்து இழுத்தேன். வேண்டாவெறுப்பாக இழுத்ததால் அங்கங்கே கோணலாகக் கிடக்கிறது.

பூமியை முழு உருண்டையாகக் காட்டும் அந்த மென்பொருளின் மேல் மேஸ்திரிக்கு அப்படி ஒரு பைத்தியம். நாங்கள் அதை ‘உருண்டை’ என்றே சொல்வோம். எந்தப் பாத்தியைப் பார்க்க வேண்டுமானாலும் ஆகாயத்திலிருந்துதான் இறங்க வேண்டும் அவருக்கு. “எடுத்தவுடனே நம்ம அளத்துல எறக்கிடாதம்மா, மேலேருந்து வரட்டும்” என்பார். வாசலில் லாரிக்காரர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, ஐம்பதைத் தாண்டிய மனிதர் கடல் பெரிதாகிக்கொண்டே வருவதை வாய் பிளந்து பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும். இருபது வருடமாகத் தினமும் மிதிக்கிற வரப்பைப் பார்க்க இத்தனை ஆர்ப்பாட்டமா என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். சிரிப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் கட்சி போன் மேப். வெளியூர் டிரைவர்கள் எல்லாரும் வழி கேட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் பொறுமையிழந்து, பாத்திகளுக்கு நடுவே ஓடும் பெரிய வரப்பை மேப்பில் சாலையாகச் சேர்த்துவிட்டேன். கோடையில் அது சிமெண்டுத் தரைபோல் இறுகிவிடும். லாரி உப்புக் குவியல்வரைக்கும் வரும். மழை பெய்துவிட்டால் அதில் சைக்கிளைக்கூட யாரும் இறக்க மாட்டோம். எங்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. அதனாலேயே, அது தெரியாதவர்கள் மழை நாளிலும் அந்த மேப்பை நம்பி வருவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மேஸ்திரிக்கு உறைத்தது. “மேப்புல போட்டா பன்னெண்டு மாசமும் ரோடுன்னு நெனச்சுப்பாம்மா. உருண்டையில போட்ட மஞ்சக் கோட்டையே அனுப்பேன்” என்றார்.

“அத தொறந்து பாக்க யாருக்கு மேஸ்திரி நேரம் இருக்குது? இதுல ஒரு தட்டு தட்டுனா வண்டி வந்து நிக்கும்” என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

ஆவணியில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை, பம்பைப் பார்க்கப் போன மேஸ்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். டிரைவர் லொகேஷன் கேட்டார்; பழக்கதோஷத்தில் போனில் தட்டி அனுப்பினேன். கப்பிச் சாலையில் வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேப் குறுக்குவழியைக் காட்டியது. நான் போட்ட சாலையில் வண்டி பாதி தூரம் வந்து அச்சுவரை சேற்றில் புதைந்தது. அதன் விளக்கு சுற்றுவது கொட்டகையிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. ஆட்கள் மேஸ்திரியைத் தார்ப்பாயில் கிடத்தி, முழங்கால் சேற்றில் வண்டிவரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வண்டியைத் தள்ளி வெளியே எடுக்க அதற்குமேலும் நேரமானது. ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர், “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா” என்றார்.

மேஸ்திரியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்தச் சாலையை மேப்பிலிருந்து எடுத்துவிடும்படி எழுதிப் போட்டேன். என்ன காரணம் என்று கேட்டது. ‘சாலை இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது லாரிக்காரர்கள் மறுபடியும் வழி கேட்டுக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாக, மழையா வெயிலா என்று பார்த்துச் சொல்கிறேன். யாருக்கு என்ன பிரயோசனம்?

மேஸ்திரியின் மனைவி எங்கள் அளத்திலேயே உப்பு வாருகிறார். போன வாரம் தண்ணீர் குடிக்க அலுவலகத்துக்கு வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பு அரித்துக் காய்ந்த கை. “அன்னிக்கு நீ இருந்ததாலதானே ஒடனே வண்டிய வரவெச்ச. கூடப்பொறந்தவகூட அப்படி ஓட மாட்டா. எங்க வூட்ல யாரும் மறக்க மாட்டோம்மா” என்றார். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். “டீ குடிக்கிறீங்களாக்கா?” என்றுதான் கேட்டேன்.